ஊருக்குப் போகிற பன்னிரண்டு நாளும் சுகரும் எடையும் ஏறாமல் இருக்க என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 42, வங்கி வேலை. ஜனவரியில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 112, அதாவது நீரிழிவுக்கு முந்திய நிலை, என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து விடியற்காலையில் மரைன் டிரைவில் நடந்து, இரவுச் சோற்றைக் குறைத்து, 5 கிலோ இறக்கிவிட்டார். இப்போது ஓகஸ்ட் விடுமுறை. லண்டனில் இருந்து அண்ணா குடும்பம் வருகிறது. மூன்று நாள் கொழும்பில் நின்றுவிட்டு எல்லோருமாக இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் கடைசி வாரம் முழுக்க அங்கேதான். "ஏழு மாதம் பட்ட பாடு பன்னிரண்டு நாளில் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்சுலின் போடும் அம்மா வேறு, தேருக்கும் தீர்த்தத்துக்கும் விரதம் இருக்கத்தான் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைப்போம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவழிப்பதைவிட ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போகவேண்டும். 5 கிலோவும் பன்னிரண்டு நாளில் திரும்பி வரவேண்டுமென்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 3,200 கலோரி சாப்பிடவேண்டும். அது யாராலும் இலகுவில் முடியாது. ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ ஏறலாம். அதிலும் ஒரு பங்கு உப்பாலும் மாச்சத்தாலும் உடம்பில் தங்கும் தண்ணீர்தான். ஆகவே இந்தப் பயணத்தில் மெலிய முயற்சி செய்யவேண்டாம். போன எடையோடு திரும்பி வந்தால் போதும். நினைப்பு அப்படி இருந்தால் அண்ணா குடும்பத்தோடு சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிடவும் முடியும்.

நான் கொழும்பில் உணவு ஆலோசகராக 18 வருடமாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு செப்டெம்பரிலும், ஊருக்குப் போய் வந்தவர்கள் ஏறிய சுகரோடு என் முன்னால் வந்து இருப்பார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் விருந்துகளைச் சொல்லுவார்கள். மாமா வீட்டுப் பிட்டு, பெரியம்மாவின் பால்கறி, பாயாசம், ஐஸ்கிரீம். காலையில் எழும்பியதில் இருந்து ஒவ்வொரு மணித்தியாலமாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி வெளியே வரும். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் நாளில் குறைந்தது ஐந்து வீட்டுப் படி ஏறுவீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் பால்மா போட்ட தேத்தண்ணி, அதில் மூன்று கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம். ஒரு கோப்பையில் 12 முதல் 15 கிராம் என்றால் ஐந்து வீட்டுக்கும் 60 முதல் 75 கிராம். சேர்த்த சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு வாய் சோறு சாப்பிட முன்னமே எல்லை தாண்டிவிடுகிறது. பக்கத்தில் வைத்த பிஸ்கட்டையும் கேக் துண்டையும் இன்னும் நாம் எண்ணவே இல்லை. உங்கள் 112-ஐ மெல்ல மெல்ல மேலே தள்ளக்கூடியது இதுதான். தேரன்று மத்தியானம் சாப்பிடும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டால் அவ்வளவு கெடுதி வராது.

மறுப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். "என்ன பிள்ளை, ஒண்டும் வேண்டாமெண்டுறாய், எங்கட வீட்டுத் தண்ணி குடிக்கமாட்டியோ" என்று ஒரு அன்ரி கேட்டால் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? அதனால் மறுக்கவேண்டாம், வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவர் குசினிக்குள் போக முதலே, "அன்ரி, எனக்கு ஒரு பிளேன்ரீ தாங்கோ, சீனி போடாமல், இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டு" என்று சொல்லுங்கள். கேட்டு வாங்கிக் குடிக்கிற பிள்ளையை யாரும் கோபிப்பதில்லை. தண்ணீர் கொதித்த பிறகு சொன்னால் வேலைக்காகாது. இரண்டாவது வீட்டில் மோர் கேட்கலாம், மூன்றாவதில் வெறும் தண்ணீர். வெறும் பிளேன்ரீ தொண்டையில் இறங்காவிட்டால் பனங்கட்டி கடித்துக் குடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பனங்கட்டியும் சீனிதான், இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். ஒரு சின்னத் துண்டு, நாளுக்கு ஒரு தடவை என்றால் சரி.

கொழும்பில் நிற்கும் மூன்று நாளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பலருக்கு வழுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஓகஸ்டில் லண்டனுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். இங்கே இரவு 11 மணி ஆகும்போது உங்கள் அண்ணாவின் உடம்புக்கு அது மாலை 6.30. அவருக்கு அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுப் பசி வரும். பிள்ளைகள் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். "வாங்கோ, காலி வீதியில கொத்து அடிக்கிறாங்கள்" என்று எல்லோரும் இறங்குவார்கள், நீங்களும் கூடவே போவீர்கள். ஆனால் உங்கள் உடம்புக்கு அது நித்திரை நேரம். ஆகவே உங்கள் சாப்பாட்டை 7.30-க்கே முடித்துவிடுங்கள். அப்புறம் அவர்களோடு போய் இருங்கள், கதையுங்கள், ஒரு பிளேன்ரீ குடியுங்கள். நல்ல பசி இருந்தால் ஒரு கொத்தை நீங்களும் மச்சாளும் பகிர்ந்து சாப்பிடுங்கள். கடைக்காரரிடம் மரக்கறியையும் முட்டையையும் கூட்டி, எண்ணெயைக் குறைத்து அடிக்கச் சொன்னால் செய்து தருவார். குழம்பைத் தனியாக வாங்குங்கள்.

மென்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள நிறப் பொட்டைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் இது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2-க்கும் 11-க்கும் இடையில் செம்மஞ்சள், 2-க்குக் குறைந்தால் பச்சை. பலர் செம்மஞ்சளைப் பார்த்துப் பரவாயில்லை என்று வாங்கிவிடுகிறார்கள். அது 100 மில்லிலீற்றருக்கான கணக்கு என்பதை மறக்கவேண்டாம். 9 கிராம் உள்ள செம்மஞ்சள் பானத்தில் 400 மில்லிப் போத்தல் ஒன்றைக் குடித்து முடித்தால் 36 கிராம் சீனி. அதற்குப் பதில் பிள்ளைகளுக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுங்கள், லண்டன் பிள்ளைகளுக்கு அது புதினமாகவும் இருக்கும். அதிலும் இயற்கைச் சீனி உண்டு, உங்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். வீட்டில் யாருக்காவது சிறுநீரக வருத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் கொடுக்கவேண்டாம், அதில் பொற்றாசியம் அதிகம்.

காலையில் உங்கள் மரைன் டிரைவ் நடையை விடவேண்டாம். விருந்தாளிகள் எழும்ப எப்படியும் ஒன்பது மணி ஆகும். மாலையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு காலி முகத்திடலுக்குப் போங்கள், ஒரு நாள் விகாரமகாதேவிப் பூங்காவுக்கோ சுதந்திர சதுக்கத்துக்கோ போங்கள். இறால் வடை வாங்குவதென்றால் திடலை ஒரு தடவை முழுதாக நடந்து முடித்த பிறகு வாங்குங்கள்.

அடுத்தது இரவு பஸ். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெள்ளவத்தையில் ஏறினால் விடியத்தான் இறங்குவீர்கள். வழியில் நடுச்சாமத்தில் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ் நிற்கும். பசிக்கிறதோ இல்லையோ, நின்றுவிட்டது என்பதற்காகவே எல்லோரும் இறங்கிச் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் பரோட்டாவும் கறியும் சாப்பிட்டுவிட்டு மடங்கி உட்கார்ந்து நித்திரை கொண்டால் நெஞ்செரிவுதான் மிச்சம். வீட்டில் ஏழு மணிக்கு, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கைப்பையில் அவித்த கடலை ஒரு டப்பா, நாலு கதலி வாழைப்பழம், தண்ணீர். பஸ் நிற்கும்போது இறங்குங்கள், ஆனால் பத்து நிமிடம் நடப்பதற்காக இறங்குங்கள். நாலு மணித்தியாலத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டு அசையாமல் இருந்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து கூடுகிறது. அம்மாவின் வயதில் அது இன்னும் கூட. விழித்திருக்கும் நேரமெல்லாம், இருந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள்.

பெண்கள் பலர் செய்யும் ஒரு காரியம் எனக்கு மனவருத்தம் தருவது. பஸ்ஸில் கழிப்பறை இல்லை, நிற்கிற இடத்தில் இருப்பது எப்படி இருக்குமோ என்று பின்னேரத்தில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் விடுவார்கள். போய் இறங்கும்போது தலையிடி, அடுத்த நாள் சலக்கடுப்பு. பின்னேரம் வரை நன்றாகக் குடியுங்கள், ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் நிறுத்துங்கள், பிறகு இரவு முழுக்க வாய் நனையக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். டிஷ்யூவும் ஒரு சின்னச் சவர்க்காரமும் பையில் இருந்தால் நிற்கிற இடத்துக்குப் பயப்படத் தேவையில்லை.

ரயிலில் இடம் கிடைத்தால் நான் ரயிலைத்தான் சொல்லுவேன். எழும்பி நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, பகலில் போனால் இரவு நித்திரையும் கெடாது. நித்திரை குறைந்த அடுத்த நாள் பசி அதிகமாக எடுக்கும், இனிப்பில்தான் கை போகும். இரவு பஸ்ஸில் போய் இறங்கினால் அன்று காலை தேத்தண்ணிக்கு மேல் தேத்தண்ணி குடித்து விழித்திருக்கவேண்டாம். ஒரு மணித்தியாலம் படுத்து எழும்புங்கள்.

யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சிக்கு உங்களுக்கு ஜிம் தேவையில்லை. எந்த வீட்டின் விறாந்தையிலும் ஒரு சைக்கிள் சாத்தியிருக்கும். காற்றை மட்டும் அடித்துக்கொண்டு ஏறுங்கள். ஊர் முழுக்கத் தட்டையான நிலம், ஏற்றமே கிடையாது. ஆனால் ஓகஸ்டில் சோளகக் காற்று வீசும். தெற்கு மேற்குப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினால், பண்ணைக் கடலோரப் பக்கம் போகும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ பின்னால் பறக்கும், பெடல் கல்லாகக் கனக்கும். அந்த இருபது நிமிடம் உங்கள் மரைன் டிரைவ் நடைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. திரும்பும்போது அதே காற்று வீடு வரை கொண்டுவந்து விடும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, திரும்பும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் இறங்கி, அன்றைய சமையலுக்கு வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையிலையும் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கீரை நீங்கள் வாங்கி வந்தால் அது சமைக்கப்படும். இல்லாவிட்டால் விருந்து வீடுகளில் கீரைக்கு இடம் இருக்காது.

கிணறு உள்ள வீடென்றால் இன்னும் நல்லது. மோட்டரைப் போடாமல், கயிற்று வாளியில் அள்ளிக் குளியுங்கள். இருபது வாளி அள்ளினால் தோள், முதுகு, கை, வயிறு எல்லாம் வேலை செய்யும். லண்டன் பிள்ளைகளுக்கு முறை வைத்து விடுங்கள், அடிபட்டு வருவார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவு என்பதுதான் பெரியவர்களுக்கான அடிப்படை அளவு. நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம் கூட வராது. அதோடு இரண்டு நாளுக்கு ஒரு தடவை திண்ணையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பதினைந்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பதினைந்து தடவை, இப்படி இரண்டு சுற்றுச் செய்தால் தசைப்பலம் குறையாது. முற்றாகவே விட்டாலும் பலம் இரண்டு மூன்று வாரத்துக்கு அப்படியே நிற்கும். மூச்சுத் தாங்கும் சக்திதான் முதலில் குறையும், அதற்குத்தான் சைக்கிள்.

சாப்பாட்டுக்கு பின் நடை பற்றி ஒரு வார்த்தை. சாப்பிட்டு முடித்த கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் சாப்பாட்டால் ஏறும் சீனி கண்கூடாகக் குறைவாக ஏறும். உங்கள் 112-க்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஒழுங்கை முனை வரை போய்த் திரும்புங்கள்.

இனித் திருவிழாச் சாப்பாடு. அந்த 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான சைவ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. மரக்கறிச் சாப்பாடு என்றவுடன் எல்லோரும் இலேசானது என்று நினைத்துவிடுகிறோம். இலையைப் பாருங்கள்: வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், வடை, பாயாசம். மாவும் எண்ணெயும்தான் முக்கால்வாசி. புரதம் பருப்பில் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் மூன்று மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டவருக்கு ஐந்து மணிக்கு மறுபடி பசிக்கிறது, கச்சான் கடையையும் வடைக் கடையையும் கண் தேடுகிறது.

செய்யக்கூடியது இது. சமையலில் கை கொடுக்கப் போங்கள், போய் ஒரு கடலைக் கறியோ பயற்றங்கறியோ சோயாமீற் பிரட்டலோ நீங்கள் பொறுப்பெடுங்கள். கீரையை வறையாகவோ சம்பலாகவோ ஆக்குங்கள். இலையில் இருக்கும்போது சோற்றுக்கு முதல் கறிகளைப் போடச் சொல்லுங்கள். அரை இலைக்குக் கீரையும் மரக்கறியும், கால் இலைக்குப் பருப்போ கடலையோ, மிச்சக் காலில்தான் சோறு. இரண்டாந்தரம் சோறு கொண்டுவருவார்கள். அப்போது "சோறு காணும் மாமி, அந்தப் பருப்பையும் வறையையும் இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றால் போடுகிற கைக்கும் திருப்தி, உங்களுக்கும் நல்லது. பாயாசத்தை விடவேண்டாம், ஒரு சின்னக் கிண்ணத்தில் குடியுங்கள். ஆனால் அன்று தேத்தண்ணி எல்லாம் சீனி இல்லாமல்தான். குத்தரிசிச் சோறு கிடைக்கும் வீட்டில் அதையே கேளுங்கள். இரவில் பிட்டு என்றால் அளவில் கவனம் வேண்டும், மாவை நெருக்கி அவிப்பதால் பார்வைக்குக் குறைவாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கூடத்தான் போகும். குரக்கன் பிட்டும் சிவப்பரிசிமா இடியப்பமும் கிடைத்தால் நல்லது. சொதியை அளவாக விட்டு, தேங்காய்ச் சம்பலுக்குப் பதில் வல்லாரைச் சம்பலோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

இரவில் கோயிலால் திரும்பும்போது ஐஸ்கிரீம் கடை. நல்லூருக்குப் போய் ஐஸ்கிரீம் குடிக்காமல் வா என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அது எங்கள் எல்லோருடைய சிறுவயதோடும் சேர்ந்தது. ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள். அன்று இரவுச் சாப்பாட்டை இலேசாக்கி, அண்ணா குடும்பத்தோடு போய் ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கள். ஒவ்வொரு இரவும் என்றால்தான் கரைச்சல். மற்ற இரவுகளுக்குக் கச்சான் இருக்கிறது. மணலில் வறுத்த கச்சான், கோதுடன் வாங்கி உடைத்துச் சாப்பிட நேரமெடுக்கும். ஒரு கைப்பிடிப் பருப்பு, 30 கிராம் அளவு, 170 கலோரிக்குக் கிட்ட. அந்த ஒரு கைப்பிடியோடு நிறுத்தினால் நல்ல சாப்பாடு. பனம்பழக் காலம் என்பதால் பனங்காய்ப் பணியாரமும் வீடுவீடாக வரும். எண்ணெயில் பொரித்தது, இரண்டு சாப்பிடலாம்.

வெட்டி வைத்த பழம், திறந்த வாளியில் கரைத்த சர்பத், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் கட்டி, இவற்றை மட்டும் திட்டமாக விலக்குங்கள். கொதித்தாறிய தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். வயிற்றோட்டம் வந்தால் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் இரண்டு பயணப் பையில் இருக்கட்டும்.

இப்போது அம்மா. நான் இதைத்தான் மிகவும் யோசித்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவுக்கு நீரிழிவு. பத்து வருடத்துக்கு முன் தேரன்று அவரையும் கூட்டிக்கொண்டு நல்லூருக்குப் போனோம். வழக்கம்போல் காலை ஆறு மணிக்குக் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் குளிசையைப் போட்டுவிட்டு, விரதம் என்று தண்ணீர் மட்டும் குடித்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. சனத்துக்குள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டியும் சால்வையுமாக நின்றவருக்கு நெற்றியாலும் மார்பாலும் வியர்வை வழிந்தது. வெயில் என்று நினைத்தேன். சால்வையால் துடைத்தும் விட்டேன். பிறகுதான் கவனித்தேன், அந்த வெயிலிலும் அவர் கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. "ராணி, தேர் எங்கை?" என்று என்னைக் கேட்டார். ராணி என்பது அவருடைய தங்கச்சி. தேர் எங்கள் கண்முன்னே நின்றது. பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு தம்பி ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துப் பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் என் பெயர் அவர் வாயில் வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற நானே அதை வெயில் என்று நினைத்தேன் என்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா இன்சுலின் போடுகிறார். காலையும் இரவும் போடும் கலவை இன்சுலின் என்றால், ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும். ஊசியைப் போட்டுவிட்டு விரதம் இருந்தால் சீனி இறங்கிவிடும். விரதம்தானே என்று ஊசியை முற்றாக நிறுத்தினால் சீனி ஏறி அதுவும் ஆபத்து. எவ்வளவு குறைப்பது, எந்த நேரம் போடுவது என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்லவேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். "இந்த இரண்டு நாளும் விரதம் இருக்க ஆசைப்படுகிறார்" என்று அம்மாவின் முன்னிலையிலேயே கேளுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் கேட்கமாட்டார், டொக்டர் சொன்னால் கேட்பார். நோயாளிகள் கடும் விரதம் இருக்கத் தேவையில்லை என்பது எங்கள் சமயத்திலும் ஏற்ற வழக்கம்தான். பாலும் பழமும் எடுத்தோ, ஒரு நேரம் கஞ்சி குடித்தோ பிடிக்கிற விரதமும் விரதம்தான். எங்கள் அப்பா அதற்குப் பிறகு எட்டு வருடம் தேரன்று அப்படித்தான் இருந்தார், மனநிறைவோடு இருந்தார்.

மாலை விரதம் முடிக்கும் நேரமும் கவனம் தேவை. நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றில் ஒரேயடியாகச் சோறு, பாயாசம், வடை என்று போனால் சீனி மேலே பாயும். முதலில் மோர், கொஞ்சம் கடலை, பிறகு அளவாகச் சோறு.

குளுக்கோமீற்றர் கையோடு போகவேண்டும். 70-க்குக் கீழே காட்டினால், அல்லது பார்க்க வசதியில்லாத இடத்தில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 150 மில்லி அளவு இனிப்பு மென்பானமும் கொடுக்கலாம், பச்சைப் பொட்டுப் போட்டது வேண்டாம். சொக்லேற் உதவாது, அதிலுள்ள கொழுப்பால் சீனி மெதுவாகத்தான் ஏறும். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுக்கவேண்டும். மயங்கி விழுந்தவரின் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்சுலினைப் பஸ்ஸின் கீழ்ப்பெட்டியில் போடும் பயணப்பையில் வைக்கவேண்டாம். கைப்பையில் உங்களோடு வரட்டும். திறக்காத போத்தல்கள் யாழ்ப்பாணம் போனதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகவேண்டும், ஐஸ் கட்டும் தட்டுக்கோ பின்சுவருக்கோ ஒட்டினாற்போல் வைக்கவேண்டாம். உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது.

இன்னொன்று அம்மாவின் பாதம். நல்லூர் வீதியில் செருப்பு இல்லாமல்தான் நடப்பார். நீண்ட கால நீரிழிவில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மத்தியான மணல் சுடுவது அவருக்குத் தெரியாமலே தோல் கொப்பளித்துவிடும். காலைப் பூசைக்கும் மாலைத் திருவிழாவுக்கும் கூட்டிப்போங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். இரவில் படுக்க முதல் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் ஒற்றி, வெளிச்சத்தில் வைத்து நீங்களே பாருங்கள். சின்னச் சிவப்புத் தழும்பென்றாலும் அடுத்த நாள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

திரும்பி வந்த அன்று தராசில் ஏறவேண்டாம். உப்பும் பயணமும் சேர்த்து ஒன்றரைக் கிலோ கூடத்தான் காட்டும், மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள். அடுத்த நாள் காலை மரைன் டிரைவுக்கு இறங்குங்கள். ஐந்து நாள் கழித்து ஏறிப் பாருங்கள். செப்டெம்பர் கடைசியில் வெறும் வயிற்றுச் சீனியை ஒரு தடவை பார்த்தால் சரி.

கடைசியாக, வரும்போது கட்டித் தரும் பார்சல். பருத்தித்துறை வடை இரண்டு பை, முறுக்கு, பயற்றம்பணியாரம், பெரியம்மா விசேஷமாகச் சுட்ட பனங்காய்ப் பணியாரம். விடுமுறை முடிந்து மூன்று வாரத்துக்கு அது டப்பாவில் இருக்கும், குசினிக்குப் போகும்போதெல்லாம் ஒன்று. வந்த மறுநாளே வங்கிக்குக் கொண்டுபோய்ச் சக ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு. பையில் இடம் இருந்தால் சிவப்பரிசிமா, ஒடியல்மா, குரக்கன்மா, முருங்கைக்காய் என்று நீங்களே கேட்டு வாங்கி வையுங்கள். முருங்கைக்காயைப் பத்திரிகைத் தாளில் இறுக்கமாகச் சுற்றினால் வெள்ளவத்தை வரும்வரை வாடாது.